பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இரண்டு நாள் போகிற பிள்ளைகளுக்கு

பெரம்பலூர் கல்லூரிகளில் முதலாண்டு சேருகிற பிள்ளைகள் வந்த ஒரு மாதத்திலேயே கேட்டுவிடுகிறார்கள்: "இந்த ஊர்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு?" பதிலுக்குக் காத்திருப்பதில்லை. சனிக்கிழமை விடிந்தால் திருச்சி பஸ். அவர்களைப் பார்க்க வெளியூரிலிருந்து வரும் சிநேகிதர்களும் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு பிரியாணி, ஒரு சினிமா என்று முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பத்துக் கோடி வருஷத்துக் கடலடி மண்ணும், கடாரம் வரை கப்பற்படை அனுப்பிய ஒரு ராஜாவின் தலைநகரும், இமயத்தைத் தாண்டி வரும் வாத்துகள் இறங்குகிற ஏரியும் பக்கத்திலேயே இருக்கும்போது இப்படி நடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கமெல்லாம் அலைந்த பழைய வாத்தியார் என்கிற உரிமையில் சில வார்த்தைகள் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: உங்கள் லீவை மட்டும் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். கோயில் திறக்கும் கிழமை, ஏரியில் தண்ணீர் நிற்கும் மாதம், வெயில் ஏறும் நேரம் இவற்றைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

1. இரண்டு மாவட்டத்தையும் ஒன்றாகவே நினையுங்கள். 1995 நவம்பர் 1-இல் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-இல் திரும்பச் சேர்ந்தது. 2007 நவம்பர் 23-இல் மறுபடியும் பிரிந்தது. அதனால் கங்கைகொண்ட சோழபுரம் ஒரு புத்தகத்தில் திருச்சி மாவட்டம் என்றும், இன்னொன்றில் பெரம்பலூர் மாவட்டம் என்றும் இருக்கும். குழம்ப வேண்டாம். மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். நடுவில் இருப்பதெல்லாம் ஒரே சீமை. ஆனால் அதை ஒரே மூச்சில் பார்த்துவிட முடியாது. ஒரு நாளைக்கு மூன்று இடத்துக்கு மேல் உங்கள் தாளில் எழுதாதீர்கள். நாலாவது இடத்தை எழுதினால் மூன்றாவது இடத்தைக் காரிலிருந்தபடியேதான் பார்ப்பீர்கள்.

2. வெள்ளிக்கிழமை மதியமே கிளம்புங்கள். இதற்குக் காரணம் சிறுவாச்சூர். பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி சாலையில், சில மைல் தூரத்தில் இருக்கிறது மதுரகாளியம்மன் கோயில். அந்தக் கோயில் வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் திறக்கும். சில விசேஷ நாட்களில் கூடுதலாகத் திறப்பதுண்டு. சனி ஞாயிறை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் சாத்திய கதவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஏன் இரண்டு நாள் என்பதற்கு ஊரார் சொல்லும் கதை உண்டு. அது செல்லியம்மனின் இடம். ஒரு மந்திரவாதி செல்லியம்மனைக் கட்டிப்போட்டுத் துன்பப்படுத்திக்கொண்டிருந்தான். மதுரையிலிருந்து வந்த காளி ஓர் இரவு தங்க இடம் கேட்டு, அவனை அழித்தாள். செல்லியம்மன் அந்த இடத்தை அவளுக்கே கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள். காளி திங்களும் வெள்ளியும் கீழே இருப்பாள், மற்ற நாட்களில் மலைக்குப் போய்ச் செல்லியம்மனோடு இருப்பாள் என்பது நம்பிக்கை. இடம் கொடுத்தவளை மறக்காத தெய்வம் என்று இங்கே பெண்கள் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை போனால் மாவிளக்கைப் பாருங்கள். வீட்டிலிருந்து மாவைக் கொண்டுபோய் விளக்குப் போடுகிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே பச்சரிசியைக் கோயிலிலேயே ஊறவைத்து, வடித்து, அங்கேயே உரலில் போட்டு இடிக்கிறார்கள். மாமியாரும் மருமகளும் எதிரெதிரே நின்று உலக்கை மாற்றி மாற்றிப் போடுவதையும், ஈரமாவின் வாசனையும் வெல்லத்தின் வாசனையும் கலந்து வருவதையும் இன்னொரு கோயிலில் நீங்கள் பார்ப்பது கஷ்டம். அது அவர்களுடைய வேண்டுதல். கேட்காமல் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டாதீர்கள்.

3. ரயிலில் வருகிறவர்கள் அரியலூருக்கு டிக்கெட் எடுங்கள். பெரம்பலூர் மாவட்டத் தலைநகர்தான், ஆனால் அங்கே ரயில் நிலையம் கிடையாது. விழுப்புரத்திலிருந்து திருச்சி போகும் கார்டு லைனில் அரியலூர் இருக்கிறது. வைகை, பல்லவன் இரண்டும் நிற்கும். எழும்பூரில் மதியம் வைகையில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடலாம். அங்கிருந்து பெரம்பலூருக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் வெளியே பாருங்கள். 1956 நவம்பர் 23 விடியற்காலை, வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தார்மீகப் பொறுப்பு ஏற்று ரயில்வே மந்திரி பதவியை விட்டு விலகினார் லால் பகதூர் சாஸ்திரி. நாடு முழுக்க இன்றும் பேசப்படுகிற அந்த ராஜினாமாவுக்குப் பின்னால் இருப்பது இந்தச் சின்ன ஆறுதான்.

4. பஸ்ஸில் போகிறவர்கள் கல்லூரிகளின் கடிகாரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை விடுதிப் பிள்ளைகள் பையோடு ஊருக்குக் கிளம்புவார்கள். ஞாயிறு மாலை திரும்புவார்கள். அந்த இரண்டு வேளையும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கக்கூட இடம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறவர்கள் மூன்று மணிக்குள் ஏறுங்கள், அல்லது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுங்கள்.

5. அறை போடுவதற்கு முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். முகூர்த்த நாளில் கல்யாணக்காரர்கள் லாட்ஜை மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். அட்மிஷன் நேரத்திலும் பட்டமளிப்பு நாட்களிலும் பெற்றோர் கூட்டம் வந்துவிடும். முதல் இரவு பெரம்பலூரிலும் இரண்டாவது இரவு அரியலூரிலோ ஜெயங்கொண்டத்திலோ தங்கினால் அலைச்சல் பாதியாகக் குறையும். இரண்டு இரவும் ஒரே அறையில் தங்கும் வசதிக்காகத் தினமும் நூறு கிலோமீட்டர் போய்வருவது புத்தியான காரியம் ஆகாது.

6. மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கார்த்திகை, மார்கழி, தை மூன்றும் நல்ல மாதங்கள். ஏரியில் தண்ணீர் இருக்கும், காடு பச்சையாக இருக்கும், கோட்டையில் பத்து மணி வரை நிற்கலாம். பங்குனி பிறந்துவிட்டால் பகல் பதினொரு மணிக்கு மேல் இந்தச் செம்மண்ணிலும் சுண்ணாம்புப் பாறையிலும் நடமாட முடியாது. சித்திரையில்தான் லீவு கிடைக்கிறது என்றால் காலை ஐந்தரை முதல் ஒன்பதரை, மாலை நாலரை முதல் ஏழு, இவ்வளவுதான் உங்கள் நாள். நடுப்பகலை அறையில் கழியுங்கள். அதை நஷ்டம் என்று நினைக்காதீர்கள்.

7. சனிக்கிழமை காலையை ரஞ்சன்குடிக்குக் கொடுங்கள். பெரம்பலூரிலிருந்து வடக்கே, சென்னை சாலையில், அரைமணி நேரத்துக்குள் வந்துவிடும். 17-ஆம் நூற்றாண்டுக் கோட்டை. கர்நாடக நவாபுக்குக் கீழே இருந்த ஜாகீர்தார் கட்டியது. மூன்று சுற்று மதில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக உயரம் ஏறிக்கொண்டே போகும். மூலைகளில் அரைவட்டக் கொத்தளங்கள். கீழே அகழி. சுவரைத் தொட்டுப் பாருங்கள்: செதுக்கிய கல் எவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். மேலே நிழல் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது கொண்டுபோங்கள்.

மேலே ஏறி நின்றதும் தெற்கே பார்த்து ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1751-இல் இந்த வாலிகண்டபுரத்துப் பக்கம்தான், நவாப் பதவிக்குப் போட்டியிட்டவர்களில் முகமது அலிக்காக ஆங்கிலேயர்களும் சந்தா சாகிப்புக்காகப் பிரெஞ்சுக்காரர்களும் மோதினார்கள். ஆங்கிலப் படை தோற்றுத் திருச்சிக்குப் பின்வாங்கியது. திருச்சி முற்றுகைக்கு உள்ளானது. அந்த முற்றுகையைத் தளர்த்தத்தான் கிளைவ் ஆற்காட்டைப் பிடிக்கப் போனார். பிறகு நடந்தது உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. திரும்பும்போது சாலையோரத்திலேயே வாலிகண்டபுரம் வாலீஸ்வரர் கோயில். அரைமணி நேரம் போதும்.

8. கல்மரத்தைப் பார்க்கப் போவதற்கு முன் ஐந்து நிமிஷம் படியுங்கள். படிக்காமல் போனால் சாத்தனூரில் ஒரு வேலிக்குள் கிடக்கும் நீளக் கல்லைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்பீர்கள். நான் பார்த்த பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். கதையைச் சொன்ன பிறகு அதே பிள்ளைகள் கிளம்ப மறுத்தார்கள்.

கதை இது. இந்தியா தென்கண்டங்களிலிருந்து பிய்ந்து விலகிக்கொண்டிருந்த காலம். கிழக்குக் கரை தாழ்ந்து, கடல் உள்ளே வந்து, இன்றைய பெரம்பலூர், அரியலூர் வரை நின்றது. இன்றைக்குக் கடற்கரை இங்கிருந்து கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கரையில் வளர்ந்த ஊசியிலை இன மரம் ஒன்று ஆற்று வெள்ளத்தில் சாய்ந்து கடலுக்கு வந்து, மூழ்கி, மணலில் புதைந்தது. காற்றுப் படாததால் மட்கவில்லை. மணலுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் புகுந்து நிரப்பிக் கல்லாக்கியது. மரம் போய்விட்டது, அதன் வரியும் கணுவும் கல்லில் நின்றுவிட்டன. வயது 12 கோடி ஆண்டு என்கிறது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. நீளம் 18 மீட்டருக்கும் மேல். 1940-இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் எம். எஸ். கிருஷ்ணன், பின்னாளில் அந்தத் துறைக்கு முதல் இந்தியத் தலைவரானவர். வேலிக்கு வெளியே நின்று, அடிமரத்திலிருந்து நுனி வரை மெதுவாக நடந்து பாருங்கள்.

9. காரைக்கு மாலையில் போங்கள், மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். காரை, குளக்காநத்தம் பக்கத்தில் தரை திடீரென்று மஞ்சளும் சிவப்புமாக மடிந்து மடிந்து கிடக்கும். மரம் இல்லை, பயிர் இல்லை. சாயும் வெயிலில் அங்கங்கே மண்ணுக்குள்ளிருந்து பளபளக்கும், அது ஜிப்சம். குனிந்து பார்த்தால் விரல் நீளத்தில் கூர்மையான கற்கள் கிடக்கும்; அவை கணவாய் இனத்து உயிர்களின் உள்ளோடு. ஆட்டுக்கொம்பு போலச் சுருண்டு வரிவரியாக இருப்பவை அம்மோனைட்டுகள். 1840களிலேயே இந்தப் பகுதிக் கற்களை ஆங்கில அதிகாரிகள் பொறுக்கி லண்டனுக்கு அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றைப் பற்றி எழுதினார். புவியியல் படிக்கிற எந்த நாட்டு மாணவனும் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களால்தான் படிக்கிறான். நம் பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இருப்பது நியாயமா?

மழை பெய்தால் அந்தக் களிமண் வழுக்கும், செருப்போடு பிடித்துக்கொள்ளும், வண்டிச் சக்கரம் புதையும். பள்ளத்தின் விளிம்பில் நின்று படம் எடுக்காதீர்கள், விளிம்பு உதிரும். இருட்டுவதற்குள் சாலைக்கு வந்துவிடுங்கள். ஒன்றைப் பொறுமையாக, வெளிச்சத்தில், பெயரோடு பார்க்க வேண்டுமானால் பெரம்பலூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் அம்மோனைட்டுகளுக்கான காட்சி மையமும், அரியலூர்ப் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கின்றன. இரண்டும் அரசு இடங்கள். விடுமுறை நாளில் திறந்திருக்குமா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

டைனோசர் முட்டை என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். 2020 அக்டோபரில் குன்னத்தில் பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்து, ஊர் உலகமெல்லாம் திரண்டது. அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகள் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்துவிட்டது. எனக்கு அதில்தான் வருத்தம். கடல் இருந்ததற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்?

10. அரியலூர்ச் சாலைகளில் லாரிக்கு வழி விடுங்கள். அந்தப் பழைய கடலின் கிளிஞ்சலும் ஓடும் படிந்துதான் இங்கே சுண்ணாம்புக்கல் ஆயிற்று; அதைத் தேடித்தான் சிமெண்ட் ஆலைகள் வந்தன. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடுவே சுண்ணாம்புக்கல் லாரிகள் ராப்பகலாக ஓடுகின்றன. விபத்துகளில் எத்தனையோ குடும்பங்கள் ஆளை இழந்திருக்கின்றன. மக்கள் மறியல் செய்திருக்கிறார்கள். பைக்கில் வருகிற பிள்ளைகளே, இதை உங்கள் அப்பா சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்: இரவில் இந்தச் சாலைகளில் ஓட்டாதீர்கள். ஒரு வண்டியில் மூன்று பேர் ஏறாதீர்கள். பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போடுங்கள். லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் புழுதியில் எதிரே வருவது தெரியாது.

11. ஞாயிறு விடியலில் கரைவெட்டி ஏரிக்கரையில் இருங்கள். 454 ஹெக்டேர் ஏரி. 1999-இல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. மேட்டூரில் திறக்கும் காவிரித் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து இதை நிரப்புகிறது. ஆகவே அந்த வருஷம் மேட்டூர் எப்படி, மழை எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் இங்கே வர வேண்டும். தண்ணீர் நின்ற வருஷத்தில் கார்த்திகை முதல் மாசி வரை பறவை இருக்கும். இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் வரித்தலை வாத்தை இவ்வளவு தெற்கே பார்ப்பது பெரிய பாக்கியம். வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை, அதுதான் அடையாளம்.

சூரியன் கிளம்புவதற்குள் போய்விடுங்கள். காவற்கோபுரத்தில் ஏறலாம். தொலைநோக்கி இல்லாமல் போனால் தூரத்தில் கறுப்புப் புள்ளிகள்தான் தெரியும். கல்லூரி விலங்கியல் துறையில் கேட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம், பாட்டு வேண்டாம், பறவை பறப்பதைப் பார்க்கக் கல்லெறிகிற வேலை வேண்டவே வேண்டாம். ஏரியின் தண்ணீர் கீழே பாசனத்துக்குப் போகிறது. வரப்பில் வருகிற விவசாயிக்கு ஒதுங்கி வழி விடுங்கள்.

12. கரைவெட்டியிலிருந்து திரும்பும் வழியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பொன்னியின் செல்வன் படித்தவர்கள் பழுவூருக்குப் போங்கள். கல்கி எழுதிய பழுவேட்டரையர்கள் கற்பனைக் குலம் அல்லர்; சோழர்களுக்குப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சிற்றரசர்கள். கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கீழையூரில் ஒரே மதிலுக்குள் நிற்கும் 9-ஆம் நூற்றாண்டு இரட்டைக் கோயில் சின்னதுதான், ஆனால் இரண்டு நாளைக்குப் பிறகு கங்கைகொண்ட சோழபுரத்தை விட அதுவே சிலருக்கு நினைவில் நிற்கும். தமிழ் படிக்கிறவர்கள் ஏலாக்குறிச்சிக்குப் போங்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிற அந்த அடைக்கல மாதா கோயிலில்தான் வீரமாமுனிவர் வாழ்ந்து பணி செய்தார். இத்தாலியில் பிறந்து, தேம்பாவணி பாடி, 1732-இல் சதுரகராதி தொகுத்தவர். அகராதியைப் புரட்டுகிற ஒவ்வொருவருக்கும் அவரிடம் கடன் இருக்கிறது.

13. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஞாயிறு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள். கருவறை நண்பகலில் சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். மூன்று மணிக்கே போய்விடுங்கள். முதலில் தென்மேற்கே மாளிகைமேட்டைப் பாருங்கள். செங்கல் அடித்தளம்தான் மிச்சம். ராஜேந்திர சோழனின் அரண்மனை நின்ற இடம். கூரை ஓடும் இரும்பு ஆணியும் சீனப் பீங்கான் துண்டும் அகழ்வில் கிடைத்தன. 1025-ஐ ஒட்டித் தலைநகரான இந்த ஊர் 1279 வரை, சுமார் 250 ஆண்டு, சோழநாட்டை ஆண்டது. இன்றைக்கு அது ஒரு கிராமம்.

பிறகு கோயில். தஞ்சாவூர்க் கோபுரம் நேராக ஏறும். இது உள்வாங்கி வளைந்து ஏறும். 55 மீட்டர். தஞ்சாவூரில் கட்டிய அப்பாவைவிட உயரமாகக் கட்ட வேண்டாம் என்று மகன் நினைத்தானா என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்தவரை அந்த வளைவில் ஒரு குறையும் இல்லை. 1987-இல் தஞ்சைக் கோயில் உலகப் பாரம்பரியச் சின்னமானது; 2004-இல் இதையும் தாராசுரத்தையும் சேர்த்தார்கள்.

வடபுறப் படிக்கட்டுக்கு வாருங்கள். இங்கே மட்டும் கால்மணி நேரம் நில்லுங்கள். சிவன் உமையோடு உட்கார்ந்திருக்கிறார். காலடியில் கைகூப்பிக் குனிந்திருக்கிற சண்டேசர் தலையில் கொன்றைமாலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். அந்தக் கையின் அசைவைப் பாருங்கள். குழந்தைக்குத் தலை பின்னுகிற தகப்பனின் பொறுமை அதில் இருக்கிறது. குனிந்திருப்பது ராஜேந்திரனே என்று சொல்கிறவர்கள் உண்டு. எதிர்ப்புறத்தில் ஞானசரஸ்வதி. உள்ளே ஒரே கல்லில் தேர் வடிவத்தில் நவக்கிரகம். வெளியே சிங்கத்தின் உடலுக்குள் படி இறங்கும் கிணறு; கங்கைநீர் ஊற்றிய கிணறு என்பது ஊர்நம்பிக்கை. கங்கைநீர் கொண்டுவந்த வெற்றிக்காக ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியை, நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. பொன்னேரி என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

மதில் ஏன் இப்படிக் குறைந்து கிடக்கிறது என்று கேட்பீர்கள். 1836-இல் கொள்ளிடத்தில் அணைக்கரை கட்டியபோது இந்தக் கோயில் கற்களை எடுத்துக்கொண்டு போனார்கள். தடுத்த ஊராருக்குப் பதிலாகச் செங்கல் சுவர் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். கும்பகோணம் போகிறவர்கள் அணைக்கரையைத் தாண்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் பிடிக்காதவர்கள் ஆடித் திருவாதிரையையும் ஐப்பசிப் பௌர்ணமியையும் தவிர்த்துவிடுங்கள். முதலாவது ராஜேந்திரன் பிறந்த நட்சத்திரம், அரசு விழா. இரண்டாவது அன்னாபிஷேகம், 13 அடி லிங்கத்தைச் சோற்றால் மூடுவார்கள். கூட்டத்தைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் அன்னாபிஷேகத்துக்காகவே ஒருமுறை வாருங்கள்.

14. அருவியை நம்பித் திட்டம் போடாதீர்கள். லாடபுரத்து மயிலூற்றும் மலையாளப்பட்டிப் பக்கத்து எட்டெருமைப்பாழியும் வடகிழக்கு மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் சில வாரம் ஓடும். மற்ற நாளில் வெறும் பாறை. ஓடுகிறபோது பாறை வழுக்கும். குடித்துவிட்டு அங்கே போகிறவன் என் பேச்சைக் கேட்கப் போவதில்லை; அவனோடு போகாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்கிறேன். விசுவக்குடி அணையில் பச்சைமலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே போதும்.

15. வாங்குவதானால் விளைந்ததை வாங்குங்கள். செட்டிகுளத்துப் பக்கம் சின்ன வெங்காயம். அங்கேயே குன்றின் மேல் கையில் கரும்போடு நிற்கிற முருகனையும் பார்த்துவிடலாம். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரி. சித்திரை, வைகாசியில் கொட்டை வரும். பேரம் பேசுங்கள், ஆனால் வெங்காயக்காரரிடம் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்ததைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். வெங்காயம் விலை போகாமல் அவர் பட்டறையிலேயே அழுகவிட்ட வருஷமும் உண்டு.

16. பெண்பிள்ளைகள் தனியாகப் போக அஞ்ச வேண்டாம், ஏற்பாட்டோடு போங்கள். காரை, கரைவெட்டி, ரஞ்சன்குடி மூன்றிலும் கழிப்பறைக்குச் சிரமம். கிளம்பும் ஊரிலேயே முடித்துக்கொண்டு போங்கள். ஆட்டோவைப் போகவர வாடகை பேசி, நிற்கச் சொல்லிவிட்டுப் போங்கள். கிராமத்தில் திரும்ப வண்டி கிடைக்காது. வழி கேட்பதானால் டீக்கடையில் கேளுங்கள். வரைபடம் காட்டுகிற குறுக்குவழி பல இடத்தில் சுரங்கப் பாதையில் கொண்டுபோய் விடும்.

17. கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் மற்றதையெல்லாம் சொன்னேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்லையும் எடுக்காதீர்கள். காரையில் ஆளுக்கொன்று பையில் போட்டுக்கொண்டு போனதில், முன்பு கால் வைக்கிற இடமெல்லாம் கிடந்தவை இப்போது தேடினால்தான் தெரிகின்றன. அலமாரியில் வைத்த அம்மோனைட் எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விடுகிறது. அது போனால் அந்தக் கல் எந்த ஆய்வுக்கும் உதவாது. அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987-இல் புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். கால் எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர். உலகில் வாழ்ந்த மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை, பொடிந்து போயின. படமும் குறிப்பும்தான் மிச்சம். ஆகவே எலும்பு மாதிரியோ பெரிய உருண்டையாகவோ எதையாவது கண்டால் தொடாதீர்கள், தோண்டாதீர்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். இடத்தைச் செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை ஆட்சியர் அலுவலகத்தில், அது பெரம்பலூரானாலும் அரியலூரானாலும், எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போங்கள்.